கடலுக்குச் சூட்டிய கல்மாலை!

‘ராக் பீச்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதுவைக்கு வரும் பயணிகளின் நாவிலே தவழும் பெயர் அது. விடுதிக்காரர் சொல்கிறார், ஆட்டோக்காரர் சொல்கிறார். கேட்கும் வெளியூர்க்காரர், “ஆகா! இயற்கை அன்னை பாறைகளை அடுக்கி அமைத்த எழிற்கரை போலும்!” என்று எண்ணிப் பூரிக்கிறார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும், அந்தப் பாறைகள் கடலிலே பிறந்தவையல்ல, லாரியிலே வந்தவை என்பது? மலையை உடைத்து, வண்டியில் ஏற்றி, கரையிலே கொட்டிய கற்கள் அவை! இருந்த மணலை இழந்தோம்; இழந்த இடத்தில் கல்லைக் கொட்டினோம்; கொட்டிய கல்லுக்குக் கடற்கரை என்று பெயரும் சூட்டினோம்! குளம் வற்றிய இடத்திலே குடத்தை வைத்துவிட்டு, “பாரீர் எங்கள் தாமரைத் தடாகத்தை!” என்று பறைசாற்றுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கடற்கரையை அழகுபடுத்துவோம், சுற்றுலாவை வளர்ப்போம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் காண்பது என்ன? முதலில் வரைபடம் வருகிறது. வண்ண வண்ண வரைபடம்! அதிலே அலங்கார விளக்கு இருக்கும். பளிங்கு இருக்கை இருக்கும். பாய் விரித்தாற்போலப் புல்வெளி இருக்கும். நின்று படம் எடுத்துக்கொள்ள ஊர்ப் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் வார்த்து நிறுத்திய மேடை இருக்கும். குடை பிடித்த சீமாட்டியும் பலூன் பிடித்த குழந்தையும் அந்தப் படத்திலே உலவுவார்கள். எல்லாம் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் இராது. மணல் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்ற கணக்கு அதிலே இராது! மீனவன் தன் படகை எங்கே ஏற்றுவான் என்ற கோடும் அதிலே இராது!

நாம் அழகுக்கு எதிரிகள் அல்லர். சுற்றுலாவுக்குப் பகைவரும் அல்லர். பாவேந்தர் பிறந்த ஊரிலே அழகை வெறுக்க யாருக்கு மனம் வரும்? அந்தக் கடற்கரைச் சாலையிலே மாலை நேரத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தியார் சிலை. அருகிலேயே 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம். மாலை 6 மணியானதும் வண்டிகளுக்கு வழியடைத்து, மனிதர்களுக்குச் சாலையைத் திறந்துவிடுகிறார்கள். கைவண்டிக்காரர் சுண்டல் விற்கிறார். முதியவர் காற்று வாங்குகிறார். பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன. நல்ல ஏற்பாடு, நாட்டிலுள்ள மற்ற நகரங்களெல்லாம் பார்த்துப் படிக்க வேண்டிய ஏற்பாடு! நாம் கேட்பதெல்லாம், சாலை இருக்கிறது, கரை எங்கே என்பதைத்தான்.

கரை எங்கே போயிற்று? கள்வன் கொண்டு போனானா? கடல் கொண்டு போயிற்றா? ‘கடல் கொண்டது’ என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். குற்றவாளிக் கூண்டிலே கடலை ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், கடலின் சார்பிலே வாதாட ஒரு வழக்கறிஞர் எழுந்தால் என்ன சொல்வார் தெரியுமா? “கனம் நீதிபதி அவர்களே! என் கட்சிக்காரர் எடுத்துச் செல்பவர் மட்டுமல்லர், கொண்டுவந்து தருபவரும் அவரே. தருகிற கையை வெட்டியவர்கள் யார் என்று விசாரியுங்கள்!” என்பார்.

ஆம் தோழர்களே, மணல் நடக்கும்! கிடந்த இடத்திலே கிடப்பதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் சாய்வாக வந்து மோதும் ஒவ்வோர் அலையும் கரையோர மணலைச் சிறிது தூக்கி, சிறிது தள்ளி வைக்கிறது. நம் சோழமண்டலக் கரையிலே மார்ச் தொடங்கி அக்டோபர் வரை, ஏறத்தாழ எட்டு மாதம், மணல் தெற்கிலிருந்து வடக்கே நடக்கிறது. வாடைக் காற்று வீசும் மற்ற மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. போவது அதிகம், திரும்புவது குறைவு. ஆகவே, ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் பல இலட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே சென்றிருக்கும். ஒரு கரை இழப்பதை அதன் தெற்குப் பக்கத்துக் கரை ஈடு செய்கிறது. அந்தக் கரை இழப்பதை அதற்கும் தெற்கே இருப்பது ஈடு செய்கிறது. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் அகப்பையில் அரிசி கொடுத்து வாங்குவதுபோல, ஊருக்கு ஊர் கொடுத்து வாங்கி, காலங்காலமாக வாழ்ந்த குடித்தனம் இது!

இந்தக் குடித்தனத்தின் நடுவிலேதான் சுவர் எழுந்தது.

அரியாங்குப்பம் ஆறு கடலிலே கலக்கும் இடம். அதற்குச் சற்று உள்ளே இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமாபுரியோடு தமிழர் நடத்திய வாணிகத்துக்குச் சான்றுகளைக் கண்டெடுத்த இடம். ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கலங்கள் வந்து சென்ற அந்தக் கழிமுகத்திலே, 1986-க்கும் 1989-க்கும் இடையே ஒரு துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள்ளே நீட்டிய இரண்டு கற்கரங்கள். அலைத்தடுப்புச் சுவர்கள் என்பார்கள் பொறியியலார். அலையைத் தடுத்தன, அத்துடன் மணலையும் தடுத்தன! தெற்கேயிருந்து நடந்துவந்த மணல் சுவரிலே முட்டி நின்றது. தெற்கே தேங்கியது, வடக்கே தேய்ந்தது. தெற்கே குவிந்தது, வடக்கே குறைந்தது. வடக்கே இருந்தது எது? புதுவை நகரம்!

இதைத் துறைமுகம் கட்டியவர்கள் அறியாமல் கட்டினார்களா என்றால், இல்லை. தேங்கும் மணலை அள்ளி, ஆற்று வாயைக் கடந்து, வடக்குக் கரையிலே சேர்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. சுவர் கட்டினார்கள், அது நின்றது. மணல் அள்ள வேண்டும் என்றார்கள். அது நின்றே போயிற்று! கட்டும்போது கல்வெட்டு உண்டு, மாலை உண்டு, மேடை உண்டு. நாள்தோறும் மணல் அள்ளிப் போடும் வேலைக்கு எந்தக் கல்வெட்டிலே பெயர் பொறிக்கமுடியும்? ஆகவே கட்டடம் வாழ்ந்தது, கடமை செத்தது.

“புதிய தொழில்நுட்பம், எதிர்பாராத விளைவு” என்று யாரேனும் சமாதானம் சொல்ல வந்தால், அவர்களைச் சென்னைக்கு அழைத்துப் போகவேண்டும். அங்கே 1875-ஆம் ஆண்டு டிசம்பரில், வேல்ஸ் இளவரசரைக் கொண்டு துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881-இல் புயல் வந்து பெரும்பகுதியைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். சுவர் எழ எழ, தெற்கே மணல் சேர்ந்துகொண்டே வந்தது. அந்த மணல் வெளியைத்தான் கவர்னர் கிராண்ட் டஃப் உலாச்சாலையாக்கி, ‘மெரினா’ என்று பெயர் சூட்டினார். நாம் நடந்து மகிழும் அந்த அகன்ற மணற்பரப்பு துறைமுகம் தந்த வரவு. செலவு எங்கே எழுதப்பட்டது? வடக்கே! இராயபுரத்துக் கரையிலே! அங்கே கடல் நிலத்தைத் தின்றது; வீடுகளைத் தின்றது; கல்லைக் கொட்டிக் கொட்டித் தடுத்துப் பார்த்தார்கள். ஒரே துறைமுகம், தெற்கே மெரினாவின் செல்வம், வடக்கே இராயபுரத்தின் வறுமை. நூறாண்டுக்கு முன்பே கடல் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பாடம் இது. நூறாண்டு கழித்து, 160 கிலோமீட்டர் தெற்கே வந்து, அதே தவற்றை அச்சு அசலாகச் செய்தோம்!

சரி, கரை தேய்ந்தது. அடுத்து என்ன செய்தார்கள்? கல் கொட்டினார்கள். கல்லால் நகரம் நின்றது என்பது உண்மை, மறைக்கவேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தக் கல்லரண் நகரின் நடுப்பகுதியைக் காத்தது. அதற்காகக் கல்லுக்கு நன்றி சொல்வோம். ஆனால், கல் கரையைக் காக்குமே தவிர, மணலைக் கொண்டுவராது. அலை வந்து கல்லிலே அறைந்து திரும்பும்போது, அடியிலே மிச்சமிருந்த மணலையும் வாரிக்கொண்டு போகும். அத்துடன், நகருக்கு வடக்கே போகவேண்டிய மணலும் இல்லாமற் போகும். நகரத்தின் முன்னே கல் முடிந்த இடத்திலே கடலின் பசி தொடங்கும்!

தொடங்கியது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று மீனவர் வாழும் ஊர்களின் கரை கரைந்தது. அங்கும் கல் வந்தது. பிறகு புதுவை எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது அரிப்பு. தந்திராயன்குப்பம் கரைந்தது, அங்கே கல் கொட்டினார்கள். சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், மீண்டும் புதுவை ஆட்சிக்கு உட்பட்ட பிள்ளைச்சாவடி என்று ஒவ்வொன்றாக, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்குச் சோறு தீர்ந்துபோவதுபோல, மணல் தீர்ந்துகொண்டே போனது. 2020-க்குப் பின்னரும் அந்த ஊர்களிலே வீடுகள் இடிந்து கடலில் விழுந்தன. ஊரார் சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள். என்ன கேட்டார்கள் அவர்கள்? மாளிகையா? மானியமா? “எங்களுக்கும் கல் கொட்டுங்கள்” என்று கேட்டார்கள்! கேட்பவர் மீது தவறில்லை. பக்கத்து ஊருக்குக் கல் வந்ததால்தான் தன் ஊருக்கு மணல் வரவில்லை என்ற நிலையிலே, அவன் வேறெதைக் கேட்பான்? அவனுக்குக் கொடுத்தால் அடுத்த ஊர் அழும். அடுத்த ஊருக்குக் கொடுத்தால் அதற்கடுத்த ஊர் அலறும். கடலின் கழுத்திலே நாம் சூட்டத் தொடங்கிய கல்மாலை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது!

மணல் போனால் நகரத்தானுக்கு என்ன நட்டம்? மாலை உலா போயிற்று. மணலிலே கால் புதைத்து உட்காரும் இன்பம் போயிற்று. வருத்தம்தான். ஆனால் மீனவனுக்கு? அவனுக்கு மணல் என்பது தொழிற்சாலை! கட்டுமரம் ஏற்றுவது மணலில். கண்ணாடியிழைப் படகை இழுத்து நிறுத்துவது மணலில். வலையை உலர்த்துவதும், கிழிந்த கண்ணியைப் பின்னுவதும் மணலில். கரைவலையை வளைத்துப் போட்டு, இருபக்கமும் ஆள் நின்று இழுப்பது மணலில். பிடித்த மீனைக் குவித்து ஏலம் கூறுவது மணலில். விற்றது போக மிஞ்சியதைப் பெண்கள் கருவாடாகக் காயவைப்பதும் மணலில். அங்கே கல்லைக் கொட்டினால் படகு எங்கே ஏறும்? கல்லிலே மோதிய படகு எத்தனை நாள் மிஞ்சும்? ஆலைத் தொழிலாளியின் எந்திரத்தைப் பிடுங்கிவிட்டு, ஆலைச் சுவருக்கு வண்ணம் பூசினால் அது ஆலை ஆகுமா? உழவனின் வயலை வெட்டியெடுத்துவிட்டு, வரப்பிலே பூச்செடி நட்டால் அது வேளாண்மை ஆகுமா?

நிலத்தை ஐந்தாகப் பகுத்தவர்கள் நம் முன்னோர். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றார்கள். அந்த நிலத்தைப் பற்றிப் பேசும்போது பூவை மட்டுமா சொன்னார்கள்? அங்கே வாழும் மக்களையும், அவர்கள் தொழிலையும், உணவையும் சேர்த்துத்தான் திணை என்றார்கள். பரதவர் இல்லாத நெய்தல் எந்த இலக்கணத்திலும் இல்லை. அந்த இலக்கணத்தைப் பள்ளியிலே படித்தவர்கள்தாம், இன்று கடற்கரைக்கு வரைபடம் போடும்போது பரதவரை அழித்துவிட்டுப் படம் வரைகிறார்கள்!

அழிப்பது என்று நாம் சொல்வது அணிக்காக அல்ல. 1985-ஆம் ஆண்டு சென்னை மெரினாவை எழிலாக்குவோம் என்று கிளம்பி, கரையிலிருந்த மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தார்கள். மீனவர் எதிர்த்தனர். துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் பறிபோயின. கடற்கரையை அழகாக்கப் புறப்பட்ட திட்டம் கடற்கரை மணலிலே குருதியைச் சிந்தியது! மீண்டும் 2023-இல், அதே மெரினாவின் தென்கோடியிலே, நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்கு எழுந்தது, கடைகள் அகற்றப்பட்டன, மீனவப் பெண்கள் தெருவிலே உட்கார்ந்தனர். முதலில் வந்தது குப்பமா, சாலையா? குப்பத்துக்கு நடுவே சாலை வந்ததா, சாலைக்கு நடுவே குப்பம் வந்ததா? வரைபடம் எழுதுபவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துபோகும்.

“சுற்றுலா வந்தால் வேலை வருமே, விடுதி வந்தால் வருவாய் வருமே, மீனவன் பிள்ளைக்கும் அதிலே பங்கு உண்டே!” என்று கேட்கிறார்கள் சில நண்பர்கள். உண்டு. மறுக்கவில்லை. புதுவையிலே எத்தனையோ குடும்பங்கள் பயணிகளால் அடுப்பு எரியக் காண்கின்றன. அதனால்தான் மணலைப் பற்றிப் பேசுகிறோம்! கரை இல்லாத கடற்கரை நகரத்துக்கு யார் வருவார்கள்? எத்தனை நாள் வருவார்கள்? மணலை இழந்த ஊர் முதலில் மீனவனை இழக்கும். அடுத்து பயணியை இழக்கும். கடைசியிலே சாலையையும் இழக்கும். இருவருக்கும் முதல் ஒன்றுதான். அந்த முதலைத் தின்றுவிட்டு வட்டிக்கு எங்கே போவது?

விதிகள் இல்லையா என்றால், உண்டு. 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. உயர்அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. 2019-இல் வந்த அறிவிக்கையோ, மக்கள் நெருக்கமுள்ள ஊரகப் பகுதிகளில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. தில்லியிலே கோடு நகர்ந்தது. ஆனால் கடல் அறிவிக்கை படிப்பதில்லை, தோழர்களே! 50 மீட்டரில் எழுப்பிய மாளிகைக்கும் கடல் வரும். அப்போது அந்த மாளிகையைக் காக்க அரசாங்கம் கல் கொட்டும். அந்தக் கல்லின் விலையை அடுத்த குப்பம் கொடுக்கும்.

இனி, இருள் மட்டுமே பேசிக் கொண்டிருக்க நமக்கு விருப்பமில்லை. ஒளியும் உண்டு; அதுவும் புதுவையிலேயே உண்டு.

சென்னைப் பள்ளிக்கரணையிலே இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் புதுவைக் கரையை ஆராய்ந்து ஒரு திட்டம் தந்தார்கள். கரையிலே மேலும் கல் கொட்டுவதற்கு மாறாக, கடலுக்குள்ளே நீர்மட்டத்துக்கு அடியில் ஒரு தடுப்புத் திட்டு அமைப்பது. 2018-இல், தலைமைச் செயலகத்துக்கு நேரே, சுமார் 900 டன் எடையுள்ள, ஆப்பு வடிவிலான எஃகுப் பெட்டகத்தைக் கடலடியிலே இறக்கினார்கள். அலை அதன்மேல் ஏறி வலுவிழக்கிறது. வலுவிழந்த நீர் தூக்கிவந்த மணலைக் கீழே போடுகிறது. துறைமுக வாயிலே தூர் வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். என்ன நடந்தது? கற்களின் முன்னே மணல் முளைத்தது! முப்பது ஆண்டுகளாக மணலைக் காணாத அந்த இடத்திலே, தாத்தா சொல்லிக் கேட்ட கரையைப் பேரன் காலால் மிதித்தான்! அவ்வளவு கல்லும் பல ஆண்டுகள் செய்யாததை, கடலின் போக்கை அறிந்து வைத்த ஒரு திட்டு சில மாதங்களிலே செய்து காட்டியது.

மகிழ்ந்தோம், மகிழ்ச்சியோடு ஒன்றைக் கேட்கவும் செய்கிறோம். மீண்டது நகரத்தின் முகப்பு. சாவடிகளும் குப்பங்களும்? தலைமைச் செயலகத்தின் எதிரே வந்த மணல் தந்திராயன்குப்பத்துக்கு எப்போது வரும்? 2021-இல் சின்ன வீராம்பட்டினத்துக் கடற்கரைக்கும், சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்துக்கும் ‘நீலக்கொடி’ கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு நீரின் தூய்மை, பாதுகாப்பு, வசதி முதலிய 33 விதிகளை வைத்துப் பார்த்துத் தரும் கொடி. நல்லது, பெருமைதான். ஆனால் கொடி ஒரு கரைக்கு. மணலோ எல்லாக் கரைக்கும். முகப்புக்குக் கொடி பிடிக்க ஆள் உண்டு. முழுக் கரைக்கும் கொடி பிடிப்பது யார்?

“இரண்டு ஆட்சிகளாயிற்றே! துறைமுகம் புதுவையில், பாதிக்கப்பட்ட ஊர்களில் பல தமிழ்நாட்டில். எப்படி ஒன்றுசேர்வது?” என்று கையை விரிக்கிறார்கள். அவர்களுக்கு ஆஸ்திரேலியாவைக் காட்டுவோம். அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்திலே கோல்ட் கோஸ்ட் என்று ஒரு கடற்கரைச் சுற்றுலா நகரம். அதன் தெற்கு எல்லையிலே ட்வீட் என்று ஓர் ஆறு. ஆற்றின் வாய் இருப்பதோ நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே. 1960-களின் முற்பகுதியில், படகுப் போக்குவரத்துக்காக ஆற்று வாயின் கற்சுவர்களை நீட்டினார்கள். அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடப்பதுதான். சுவரிலே முட்டி நின்றது. வடக்கே கூலங்காட்டா, கிர்ரா கடற்கரைகள் மெலிந்தன. 1967-இல் அடுத்தடுத்துப் புயல்கள் வந்து கரையைச் சூறையாடின. சுவர் ஒரு மாநிலத்தில், சோகம் மறு மாநிலத்தில். நம் கதையேதான்!

அவர்கள் என்ன செய்தார்கள்? 1990-களில் இரு மாநில அரசுகளும் ஒப்பந்தம் செய்து, சட்டமும் இயற்றி, செலவைப் பகிர்ந்துகொண்டன. ஆற்றின் தென்புறம் கடலுக்குள் நீண்ட பாலம் கட்டி, அதன் கீழே மணலை உறிஞ்சும் எந்திரங்களைப் பொருத்தினார்கள். ஆற்றின் அடியிலே குழாய் பதித்து, வடக்குக் கரைக்கு மணலை அனுப்பினார்கள். 2001 முதல் ஓடத் தொடங்கிய அந்த ஏற்பாடு, ஆண்டுக்குச் சுமார் 5 இலட்சம் கன மீட்டர் மணலைச் சுவருக்கு அப்பால் சேர்க்கிறது. தொடக்கத்தில் மணல் மிகுந்துபோய், “கிர்ராவில் கடலுக்குப் போக நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கிறதே!” என்று மக்கள் குறைகூட சொன்னார்கள், அளவைத் திருத்திக்கொண்டார்கள். நம் மக்களுக்கும் ஒருநாள் அப்படிக் குறை சொல்லும் பேறு கிட்டாதா என்று ஏங்குகிறோம்! இரு மாநிலங்களுக்கு அங்கே முடிந்தது. ஒரே மொழி பேசி, ஒரே கடலில் வலை வீசி, ஒரு கரையில் பெண் எடுத்து மறு கரையில் பெண் கொடுத்து வாழும் மக்களின் இரு அரசுகளுக்கு இங்கே முடியாதா?

ஆகவே, கரைக்குத் திட்டம் தீட்டுவோர் முன் நாம் வைக்கும் கோரிக்கை எளியது. வரிசையை மாற்றுங்கள்! விளக்கிலே தொடங்கி மணலிலே முடிப்பதை விட்டு, மணலிலே தொடங்குங்கள்.

முதலில், துறைமுக வாயில் தேங்கும் மணலை ஆண்டுதோறும் தவறாமல் வடக்கே சேர்க்கவேண்டும். அதைப் புதுவையும் தமிழ்நாடும் கூடி நடத்தும் ஓர் அமைப்பு பொறுப்பேற்று, எத்தனை கன மீட்டர் அள்ளினோம், எந்த ஊர்க் கரையில் சேர்த்தோம் என்று ஊர்ப் பலகையிலே எழுதி வைக்கவேண்டும்.

இரண்டாவதாக, வரைபடத்தில் முதற்கோட்டை மீனவன் போடட்டும். படகு ஏற்றும் இடம் இது, வலை உலர்த்தும் இடம் இது, ஏலத்திடல் இது, கருவாடு காயும் இடம் இது என்று குறித்த பிறகு, மிஞ்சிய இடத்திலே இருக்கை போடுங்கள். ஏலம் நடக்கும் விடியற்காலையைப் பார்க்கவே பயணிகள் வருவார்கள். உயிருள்ள கரையை விடவா சிமெண்டு மேடை அழகு?

மூன்றாவதாக, கரைக்கு ஆடை உடுத்தும்போது கரைக்குரிய ஆடையை உடுத்துங்கள். தினமும் குடம் குடமாய் நன்னீர் குடிக்கும் புல்வெளி உவர் மணலுக்கு எதற்கு? அடம்பன் கொடி இருக்கிறது. ஊதாப் பூப் பூத்து, மணலைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். இராவணன் மீசை இருக்கிறது. காற்று வாரிவரும் மணலைத் தன் முட்களுக்கிடையே நிறுத்தி, மேடாக்கும். அதற்குப் பின்னே தாழை. அதற்கும் பின்னே புன்னையும் பனையும். காசு அதிகம் கேட்காத காவலர்கள்! ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது பழமொழி. ஒற்றுமைக்குச் சொன்ன அந்தப் பழமொழி மணல் மேட்டுக்கும் பொருந்தும்.

நான்காவதாக, கல்லரண் தவிர்க்க முடியாத இடத்தில், அதை ஒளித்துக் கட்டும் கலையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆலந்து நாட்டிலே, ஹேக் நகரையொட்டிய ஸ்கெவனிங்கன் கடற்கரையில், கடல் புகாமல் காக்கும் அணையை உலாச்சாலையின் வயிற்றுக்குள்ளேயே வைத்து 2013-இல் கட்டி முடித்தார்கள். மேலே மக்கள் உலவுகிறார்கள். உள்ளே அணை காக்கிறது. முன்னே மணல் விரிகிறது. வரைந்தவர் மனுவேல் தெ சோலா-மொராலெஸ் என்ற பார்சிலோனாக் கட்டடக்கலைஞர். காவலும் உலாவும் வேறு வேறு அல்ல என்று அவர் கண்டார். நாம் காவலை ஒரு துறையிடமும் உலாவை ஒரு துறையிடமும் கொடுத்துவிட்டு, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவே கோப்பை அடுக்கி வைத்திருக்கிறோம்!

இவற்றுக்குப் பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். கல்லுக்கு மட்டும் பணம் வேண்டாமா? கல் சரியும், மீண்டும் கொட்டவேண்டும். மீண்டும் சரியும், மீண்டும் கொட்டவேண்டும். மணலுக்குச் செலவிட்டால் கரை கிடைக்கும், கரையால் மீன் கிடைக்கும், பயணி கிடைப்பார், புயல் வரும்போது முதல் அடியைத் தாங்க ஒரு மேடும் கிடைக்கும். கல்லுக்குச் செலவிட்டால் அடுத்த ஊரின் கண்ணீர்தான் கிடைக்கும். எது சிக்கனம், எது ஊதாரித்தனம் என்பதை நாட்டோரே முடிவு செய்யட்டும்.

அலங்கார விளக்கு எரியட்டும். அதன் ஒளியிலே மணல் தெரியட்டும். பயணி வரட்டும், வந்தவர் படகைப் பார்க்கட்டும், படகுக்காரன் தலைநிமிர்ந்து நிற்கட்டும். குருசுக்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் ஒரு கிழவன் தன் படகை மணலிலே இழுத்து நிறுத்தி, அதன் நிழலில் உட்கார்ந்து வலை பின்னும் நாள் வந்தால், அன்று சொல்வோம் கடற்கரை எழில் பெற்றது என்று. அதுவரை, இந்தக் கல்மாலை கடலின் கழுத்தில் தொங்கவில்லை, நம் கழுத்திலேதான் தொங்குகிறது!